உன் நாயனம் பெட்டியில் இருக்கிறது

குன்னூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மருமகளும் பாப்பாவும் எப்படி இருக்கிறார்கள்? இங்கே நாலு நாளாக வெயில் முகமே காட்டவில்லை. பெட்ஃபோர்டு இறக்கத்தில் எதிரே வருகிற ஆள் தெரியாத அளவுக்கு மூட்டம். துணி காயவில்லை என்று அம்மாவுக்குக் கவலை. தவில் தோல் தொய்ந்துபோகிறது என்று மாமாவுக்குக் கவலை.

போன வாரம் போனில் நீ சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. "நாலு தலைமுறையா வந்த நாயனம்ப்பா, என்னோட நின்னுபோச்சு" என்றாய். சொல்லும்போது உன் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். "அதெல்லாம் ஒன்றுமில்லை, சாப்பிட்டாயா" என்று பேச்சை மாற்றிவிட்டேன். அது பதில் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ விட்டதால் எதுவும் நின்றுபோகவில்லை. உன்னைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த மலையில் நாற்பது வருடத்துக்கு மேல் வாசித்தவன், கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

நாயனம் என்கிற இந்த நாதஸ்வரம் தெருவில் வளர்ந்த வாத்தியம். உன் தாத்தா சொல்வார்: தஞ்சாவூர்ப் பக்கம் சாமி புறப்பாடு என்றால் கோபுர வாசலில் கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரி என்கிற புறப்பாட்டு இசை. வீதிக்கு வந்ததும் ராகம். கிழக்கு வீதியில் எடுத்த தோடி, தெற்கு வீதி திரும்பும்போதுதான் மேல் ஸ்தாயிக்குப் போகுமாம். மூலையில் சாமியை நிறுத்திவிட்டால் தவில்காரர்கள் நேரம் போவது தெரியாமல் வாசிப்பார்கள். சாமி திரும்பி உள்ளே போகும்போது விடிந்திருக்கும். பூபாளம் வாசித்து முடிப்பார்கள். கேட்டவர்கள் யார்? திண்ணையில் இருந்தவர், வெற்றிலைக் கடைக்காரர், வண்டிக்காரர், தையல்காரர். டிக்கெட் கிடையாது. ஆனால் முந்தின இரவு ஒரு பிடி சறுக்கியிருந்தால் வெற்றிலைக் கடைக்காரரே மறுநாள் கேட்டுவிடுவாராம். சாமி நிதானமாகப் போனார், ராகமும் நிதானமாகப் போனது.

இப்போது போன தையில் இங்கே நடந்த ஒரு முகூர்த்தத்தைக் கேள். காலை ஆறு மணி, கை விறைக்கிற குளிர். குளிரில் நாயனத்தின் சுருதி இறங்கிவிடும் என்பது உனக்குத் தெரியும். வாயில் வைத்து ஊதுகிற நாணல் சீவாளியை வழக்கம்போல ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துச் சூடாக்கி, மரக் குழலான உலவுக்குள் நாலு தடவை வெறும் மூச்சை ஊதி, சுருதிப் பெட்டியோடு சேர்வதற்கே கால் மணி நேரம் ஆனது. சண்முகப்பிரியா எடுத்தேன். அன்றைக்கு நன்றாக வந்தது, தம்பி. பஞ்சமத்தில் நின்று, இனி மேலே போகலாம் என்று மூச்சை இழுக்கும்போது, வீடியோ எடுக்கிற பையன் வந்து தோளைத் தொட்டான். "ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க, பொண்ணு வர்றத எடுக்கணும், பாட்டு போடப்போறோம்." நிறுத்தினேன். ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு போட்டார்கள். பெண் வந்து மணையில் உட்கார்ந்த பிறகு "வாசிங்க" என்றார்கள். பஞ்சமத்தில் விட்டதை எங்கே போய்ப் பிடிப்பது? தாலி கட்டும்போது கெட்டிமேளம், அதோடு சரி. எட்டு மணிக்கெல்லாம் இலை போட்டுவிட்டார்கள்.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டான். கல்யாண வீட்டார்மேலும் இல்லை. மாப்பிள்ளைக்கு மூன்று நாள்தான் லீவு. சொந்தக்காரர்கள் முந்தின நாள் சாயங்காலம் மலை ஏறி வந்து, மறுநாள் மத்தியானம் இறங்க வேண்டியவர்கள். மண்டபத்தை மதியத்துக்குள் காலி செய்ய வேண்டும். நாள் கணக்கில் கல்யாணம் நடந்த காலத்தில் நலங்குக்கு, ஊஞ்சலுக்கு, ஊர்வலத்துக்கு என்று வாசிப்பதற்கு வேலை இருந்தது. இன்று எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம். ஊர்வலம் வைத்தால் கேரளாவிலிருந்து செண்டை மேளம் வந்துவிடுகிறது. அவர்களும் உழைத்துக் கற்றவர்கள், நன்றாகவே அடிக்கிறார்கள். ஆனால் செண்டைக்கு நடுவில் ஆலாபனைக்கு இடம் இல்லை. ராகம் பெருகி வருவதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம் யார் கையிலும் இல்லை.

எஸ்டேட் கோயில்கள்தான் நமக்குச் சோறு போட்டவை. இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இந்தத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள், கையில் ஒன்றும் இல்லாதபோதும் மாரியம்மனுக்கு மூன்று நாள் திருவிழா எடுத்தார்கள். அவர்களில் சில பெரியவர்கள் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மாமா சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருப்பார். அப்புறம் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. இளவட்டங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோவைக்கும் இறங்கிப் போனார்கள். லைன் வீடுகளில் பெரியவர்களும், ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்களும்தான் மிச்சம். திருவிழா வரி யாரிடம் வாங்குவது? மூன்று நாள் ஒரு நாளானது. நாம் வழக்கமாக வாசித்த ஒரு கோயிலில், சுவிட்ச் போட்டால் மணியும் முரசும் தானாக அடிக்கிற மெஷினை வாங்கி வைத்துவிட்டார்கள். முதல் தடவை அது அடித்தபோது நான் சன்னதி ஓரத்தில் கை கட்டி நின்றேன். அந்த ஐந்து நிமிடம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இதில் எதிலாவது உன் பங்கு இருக்கிறதா, சொல்.

சரி, இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ ஒன்பதாவது படிக்கும்போது ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குத் தாளம் போட வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? எல்லாப் பந்தியும் முடிந்து, சமையல்காரர்கள்கூடச் சாப்பிட்ட பிறகு, கடைசியாகப் பின்கட்டில் நமக்கு இலை போட்டார்கள். ரசம் ஆறிப்போயிருந்தது. "ஏம்ப்பா நமக்கு மட்டும் இங்க?" என்று கேட்டாய். உன் தாத்தாவுக்கும் அப்படித்தான் போட்டார்கள், நான் கேட்டதில்லை. நீ கேட்டாய். அன்று ராத்திரியே அம்மாவிடம் சொல்லிவிட்டேன், இவனைப் படிக்க வைத்துவிடலாம் என்று. பிளஸ் டூ வந்ததும் "காலையில் நாயன சாதகம் வேண்டாம், டியூஷனுக்குப் போ" என்றது யார்? நான்தான். நிறுத்தியவன் நான், தம்பி. இன்றைக்கு அந்த நிலைமை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

இன்னொரு தலைமுறைக்கு முன்னாலும் நம் வீட்டில் இப்படி ஒன்று நின்றது. உன் தாத்தாவின் அத்தை பதம் என்கிற பாட்டுகளைப் பாடுவார்களாம். 1947-ல், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுத்துச் சட்டம் வந்தது. வரவேண்டிய சட்டம்தான், அதற்காக முத்துலட்சுமி ரெட்டி எத்தனை வருடம் போராடினார். ஆனால் பல வீடுகளில் பெண்கள் அதற்கு முன்னும் பின்னுமாகப் பாட்டையே மூடி வைத்துவிட்டார்கள். பாடினால் ஊர் என்ன சொல்லும் என்கிற பயம். வீணை தனம்மாள் வீட்டில் வாழையடி வாழையாகக் காப்பாற்றினார்கள். பெயர் வெளியே தெரியாத எத்தனையோ வீடுகளில் அது அந்தப் பெண்களோடு போய்விட்டது. அத்தைப் பாட்டி கடைசிவரை அடுப்படியில் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்களாம். யாராவது உள்ளே வந்தால் நிறுத்திவிடுவார்கள்.

இதையெல்லாம் நினைத்துப் பார்க்கும்போது, வாத்தியத்துக்கு நாள் முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. தஞ்சாவூர் மராட்டிய அரசு 1855-ல் முடிந்தபோது அரண்மனையை நம்பியிருந்த வித்வான்கள் என்ன ஆனார்கள்? பல பேர் சென்னைக்குப் போனார்கள். அங்கே சபாக்கள் வந்தன, 1928-ல் மியூசிக் அகாடமி வந்தது, அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஏற்ற மாதிரி கச்சேரியை வகுத்துக் கொடுத்தார். நம் வாத்தியமே மாறியதுதானே? திமிரி நாயனத்தின் உச்ச சுருதி தெருவுக்குப் பொருந்தியது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி சுருதி இறக்கிப் பாரி நாயனம் செய்து கொடுத்தார். பிள்ளைவாள், சுருதிக்கு ஊதுகிற ஒத்து என்கிற குழலை விட்டுத் தம்பூராவை வைத்துக்கொண்டார். மேளக்காரன் நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும் என்று இருந்த இடத்தில் மேடையில் உட்கார்ந்து வாசித்தார். அவர் அடம்பிடித்ததால்தான் எங்களுக்கு நாற்காலியாவது கிடைத்தது.

உன் சின்ன வயதில் கோத்தகிரிப் பக்கம், இந்த மலையின் பழங்குடிகளான கோத்தர் ஊருக்கு உன்னைக் கூட்டிப்போனேனே, குளிர்காலத்தில், அவர்கள் சாமி திருவிழாவுக்கு? கொள் என்கிற அவர்கள் குழல் நம் நாயனத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். வெகுகாலம் இந்த மலையில் படுகர் வீட்டுச் சாவுக்கும் தோடர் சாவுக்கும் வாசித்தவர்கள் கோத்தர்கள்தான். அதற்குத் தானியமும் மற்றதும் வாங்கிக்கொள்வார்கள். 1930களை ஒட்டி படுகர்கள் அவர்களைக் கூப்பிடுவதை விட்டார்கள். கோத்தர்களுக்கும் அடுத்தவர் வாசலில் போய் நின்று வாசிப்பது பிடிக்காமல் போனது. அந்த வேலை போயிற்று. ஆனால் நாம் பார்த்த அன்று, தீயைச் சுற்றி நின்று யாருக்கும் கூலிக்கு இல்லாமல் தங்கள் சாமிக்கு வாசித்தார்கள். கன்னத்தை உப்பவைத்து மூச்சு முறியாமல் ஒருவர் வாசித்ததைப் பார்த்து, "அப்பா, உங்களை மாதிரியே ஊதறார்" என்றாய். எனக்கு அந்தக் காட்சி அடிக்கடி நினைவுக்கு வருகிறது. கூப்பிடுகிறவர்கள் போன பிறகும் அவர்கள் குழலைக் கீழே வைக்கவில்லை.

இப்போது நான் எழுத உட்கார்ந்த உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். போன ஆனியிலிருந்து ஒரு பெண் ஞாயிறு காலையில் வருகிறாள். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர்களின் மகள், பதினாறு வயது. அவர்கள் வீட்டில் யாரும் வாசித்ததில்லை. மதுரை பொன்னுத்தாய் வாசிப்பதை யாரோ செல்போனில் காட்டியிருக்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டு வந்து நின்றாள். முதல் இரண்டு மாதம் வாய்ப்பாட்டுதான் சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் சீவாளியை மட்டும் கையில் கொடுத்து ஊதச் சொன்னேன். உதடு வெடித்து ரத்தம் வந்தது, நெய் தடவிக்கொண்டு அடுத்த வாரமும் வந்தாள். இப்போது மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பப் பாடமான சரளி வரிசை மூன்று வேகத்திலும் அசையாமல் நிற்கிறது. பிளஸ் டூ முடித்ததும் கோவை அரசு இசைக் கல்லூரியில் சேர வேண்டுமாம். அங்கே யார் பிள்ளை என்று கேட்கமாட்டார்கள். அந்த ஒரு மாற்றத்துக்காக மற்ற எத்தனையோ மாற்றங்களை நான் பொறுத்துக்கொள்வேன்.

அவளுக்குச் சொந்தமாக வாத்தியம் இல்லை. என்னுடையதை வாங்கித்தான் வாசிக்கிறாள். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பேர் பரவியிருக்கிறது, நல்லதுதான். ஆனால் அதைச் செய்வதற்கு வேண்டிய, பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற, நன்றாகக் காய்ந்த ஆச்சா மரம் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. புதிதாக ஒன்று வாங்க அவர்களால் முடியாது.

உன்னுடையது பீரோவுக்குமேல் பெட்டியில் இருக்கிறது. நேற்று இறக்கித் துடைத்தேன். அடியில் விரிந்திருக்கிற அணசு கொஞ்சம் கறுத்திருக்கிறது, வேறு பழுது இல்லை. சீவாளிகளை உன் பாட்டி தன் புடவை நூலால் கட்டிக் கொடுத்தாளே, அந்தச் சிவப்பு நூல் அப்படியே இருக்கிறது. அதை மட்டும் அவிழ்த்து உனக்காக எடுத்து வைத்துவிடுகிறேன்.

வாத்தியத்தை அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கலாமா? உன்னைக் கேட்காமல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்று நினைத்தால் தயங்காமல் சொல், அது உன் பொருள். பாப்பாவுக்கு என்று வைத்துக்கொள்ள நினைத்தாலும் சரி. அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவள் வருவாள். அதற்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா