பேஸ்லைன் எடுக்காமல் ‘தாக்கம்’ கேட்காதீர்கள்

மருத்துவத் திட்டங்களுக்கு மதிப்பீட்டு ஆணை எழுதும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

இரத்த அழுத்தத் திட்டத்தை மதிப்பிட இம்மாதம் வந்த ஒப்பந்தப்புள்ளியைப் படித்தோம். திட்டம் தொடங்கி மூன்று ஆண்டு ஆகிறது. எல்லா வட்டாரங்களுக்கும் போய்விட்டது. இப்போது நான்கே மாதத்தில் அதன் தாக்கத்தைச் சொல்ல வேண்டுமாம். திட்டத்துக்கு முந்தைய நிலைக்கு, அதாவது பேஸ்லைனுக்கு, நீங்கள் காட்டும் ஆதாரம், துணை சுகாதார நிலையத்துப் பதிவேடு.

அந்தப் பதிவேட்டின் இரத்த அழுத்தப் பத்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 120/80, 130/80, 140/90 என்று பக்கம் பக்கமாகப் பூச்சியத்தில் முடியும். கருவி அப்படிக் காட்டுவதில்லை, எழுதும் கை அப்படிப் போகிறது. அதுவரை பெரிய கேடில்லை. ‘கட்டுக்குள் உள்ளவர்’ எண்ணிக்கையோடு நிதியை முடிச்சுப் போட்டதும் 142 என்பது 138 ஆகிவிடும். 140க்குக் கீழே வந்தால் அவர் ‘கட்டுக்குள்’. உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் என்ற கணக்கெடுப்பு முறையில் மூன்று தடவை அளந்து, பின்னிரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். துணை நிலையத்தில் அதற்கு நேரம் ஏது? சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம். கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, செயலி எல்லாம் அங்குள்ள செவிலியர் தலையில். மூன்றாண்டுக்கு முந்தைய கட்டங்கள் காலியாக இருக்கின்றன என்று மேலிருந்து அவரைக் கேட்டால் நிரப்பித்தான் கொடுப்பார். பழி அவருடையதல்ல.

ஆகவே கேட்கிறோம்: திட்டம் தொடங்கும் முன்பே பேஸ்லைன் எடுங்கள்.

அவசரத்தில் முடியாது என்பீர்கள். மெக்சிகோ 2005இல் செகுரோ போபுலார் என்ற மருத்துவக் காப்பீட்டை விரிவாக்கும்போது 148 பகுதிகளை 74 இணைகளாக்கி, முதலில் காப்பீடு போக இணைக்கு ஒன்றைக் குலுக்கலில் எடுத்தது. பத்து மாதத்தில் விடை வந்தது: குடும்பத்தை முடக்கும் மருத்துவச் செலவு குறைந்தது, சிகிச்சைக்கு வருவோர் கூடவில்லை. அந்த இரண்டாவது விடையும் அரசுக்குத் தேவைதானே?

ருவாண்டாவில் 2006இல் சுகாதார நிலையங்களுக்குப் பணிக்கேற்ற ஊக்கத்தொகை தருவதைச் சோதித்தபோது, அது பெறாத ஒப்பீட்டு நிலையங்களுக்கும் சராசரியாக அதே தொகையை நிபந்தனையின்றிக் கொடுத்தார்கள். கொடுக்காமல் விட்டிருந்தால், பலன் ஊக்கத்தொகையாலா, கூடுதல் பணத்தாலா என்று பிரிக்க வழியில்லை. சுகாதார நிலையங்களில் நடக்கும் பிரசவம் 23 விழுக்காடு கூடியது. குழந்தைகளின் முழுத் தடுப்பூசி அசையவில்லை. மாவட்ட எல்லைகளை மாற்றியதில் அங்கே குலுக்கலே கலைந்தது. பேஸ்லைன் கையில் இருந்ததால் இரு தரப்பும் ஒத்திருந்தனவா என்று பார்க்க முடிந்தது.

ஆய்வுக்கு எத்தனை பேரை எடுப்பது என்ற மாதிரி விஷயத்துக்கும் வருவோம். 3,000 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள், எத்தனை ஊர் என்று எழுதவில்லை. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே நிலையத்துக்குப் போகிறவர்கள், விடைகள் ஒத்துப்போகும். அந்த ஒப்புமையை அளக்கும் கெழு 0.05 என்று கொண்டால், 100 ஊரில் முப்பது முப்பது பேர் என்பது சுமார் 1,224 தனித்தனி ஆட்களுக்குச் சமம். 10 ஊரில் முந்நூறு முந்நூறு என்றால் வெறும் 188. ஆனால் அறிக்கையின் மேலட்டை பளபளப்புத் தாளில் இருக்க வேண்டும் என்று மறக்காமல் குறித்திருக்கிறீர்கள். ‘மக்களிடையே நல்ல வரவேற்பு’ என்ற முடிவுரையையும் சேர்த்தே அனுப்பியிருந்தால் களத்துக்குப் போகும் செலவாவது மிஞ்சும்.

சூடாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறோம். அடுத்த கட்ட விரிவாக்கத்தில் எந்த வட்டாரம் முதலில் என்பதை எல்லோர் முன்னிலையிலும் குலுக்கிப் போடுங்கள். அதற்கு முன் பேஸ்லைன் எடுங்கள். மறு அளவீட்டையும் அதே பருவத்தில் வையுங்கள், காய்ச்சல் காலத்தையும் அறுவடைக் காலத்தையும் ஒப்பிட முடியாது.

இந்த ஆணையில் ‘தாக்கம்’ என்பதை எடுத்துவிட்டுச் ‘செயலாக்க ஆய்வு’ என்று போடுங்கள். மாத்திரை எத்தனை நாள் இருப்பில் இல்லை, 30 நாள் மாத்திரை கைக்கு வந்ததா, பதிவேட்டில் பத்தில் ஒருவரை மறுபடி அளந்தால் என்ன வருகிறது என்பதை நான்கு மாதத்தில் நேர்மையாகச் சொல்லலாம். ஒப்பந்தப்புள்ளி முடியும் தேதிக்குள் திருத்த அறிவிப்பு வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கள மதிப்பீட்டுப் பணியாளர்கள்