சின்ன மறிக்குப் பெரிய கிடாயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் யாழ்ப்பாணத்து நாட்டுச் செம்மறிகள் உடம்பால் சிறியவை. வெயிலையும் காய்ந்த புல்லையும் தாங்கி நிற்கும். இறைச்சி கூட வேண்டும் என்று பெரிய இனக் கிடாய்களை இவற்றின் மறிகளோடு, அதாவது பெட்டை ஆடுகளோடு, சேர்க்கிறோம். குட்டி தகப்பனைப்போல் பெரிதாகலாம், ஆனால் வெளியே வரும் வழி தாயினுடையது அல்லவா?

போன மாரியில் எங்கள் கொட்டிலில் தலையீற்று மறியொன்று விடிய விடிய முக்கியது. முன்னங்கால் இரண்டும் தெரிந்தன, தலை வரவில்லை. மிருக வைத்தியர் இழுத்தெடுத்தபோது குட்டியின் நாக்கு நீலம் பாரித்து வீங்கியிருந்தது. செத்த குட்டியைத் தாய் நக்கிக்கொண்டே நின்றது. அந்தக் கிடாயைத் தெரிவு செய்தது நான்தான். அந்த வேதனை இன்னும் ஆறவில்லை.

ஒரே ஈற்றில் மூன்று குட்டி ஈனும் பரம்பரையைத் தேடுவதிலும் இதே சிக்கல். மறிக்கு முலைக்காம்பு இரண்டுதான். மெலிவாகப் பிறக்கும் மூன்றாவது குட்டி, முதல் சில மணித்தியாலத்துக்குள், ஈன்றதும் சுரக்கும் கடும்புப் பால் கிடைக்காவிட்டால் சோர்ந்துவிடும். சினையின் கடைசி 6 கிழமையில்தான் குட்டி வேகமாக வளரும். அப்போது தீனி போதாவிட்டால் தாய் தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துக் கரைத்து, எழும்ப முடியாமல் படுத்துவிடும்.

நல்லினம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி, கிடாயின் எடையைப் பாருங்கள். அதன் தாய் சுகமாக ஈன்றதா, பால் கொடுத்து வளர்த்ததா என்றும் கேளுங்கள். தலையீற்று மறிக்கு நாட்டுக் கிடாயே போதும். கிடாய் விற்பவர்கள் இந்த விவரங்களை எழுதிவைத்துக் கொடுத்தால் எங்களுக்குப் பேருதவி.

ஆடு வளர்க்கும் வாசகி,
வேலணை