எதிர் இலைக்காரர்

ஆசிரியருக்கு,

பெருநகரில் துணை தேடி அலையும் தனியர்களைப் பற்றிய மேடை நகைச்சுவை நாடகத்துக்குத் தங்கள் ஞாயிறு இதழில் வந்த விமர்சனத்தைப் படித்தேன். அடுத்தடுத்த வீட்டில் வசிப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் அறிமுகமே ஆகாமல் இருப்பது நம்பும்படி இல்லை என்று விமர்சகர் குறைபட்டிருக்கிறார். அவர் மும்பையில் வாடகைக்கு இருந்தவர் அல்லர் போலும். நான் வேலைக்கு வந்த புதிதில் மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் மூன்று ஆண்டுகள் இரவுச் சாப்பாடு சாப்பிட்டேன். எதிர் இலையில் பெரும்பாலும் ஒருவரே உட்காருவார். ரசத்தை இரண்டு முறை கேட்பார், பாயசத்தைத் தொட மாட்டார். அது வரை தெரியும். பெயர் தெரியாது. முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு ஆள் நிற்கும்போது எங்கே பேசுவது? திடீரென்று ஒருநாள் அவர் வருவது நின்றது. யாரென்று சொல்லி விசாரிப்பது?

இந்த ஊரில் மனிதருக்குப் பஞ்சமில்லை; அவசரமின்றி உட்கார்ந்து பேச இடத்துக்குத்தான் பஞ்சம். ஜுஹூவில் 1978-இல் தொடங்கிய பிருத்வி தியேட்டர் சிறிய அரங்குதான். ஆனால் அதை ஒட்டிய தேநீர்க்கடையில் நாடகத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்து பேசுவதைப் பார்க்கலாம். நம் தமிழ் நாடகங்களிலோ திரை விழுந்த கையோடு விளக்கை அணைத்துவிடுகிறார்கள். மாட்டுங்கா, செம்பூர் சபாக்கள் ஞாயிறு மாலைக் காட்சிக்குப் பிறகு ஒரு மணி நேரம் முகப்புக் கூடத்தைத் திறந்து வைத்து, காபிக்கும் ஏற்பாடு செய்யலாம். காபிக்குக் காசு வாங்கிக்கொள்ளட்டும்.

ஒரு வாசகர்,
செம்பூர், மும்பை