நின்றுகொண்டு வாசிக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

நீ கேப் டவுனிலிருந்து அனுப்பிய வீடியோவை நேற்று ராத்திரி மூன்று தடவை பார்த்தேன். சத்தத்தைக் குறை, குறை என்று சொல்லிக்கொண்டே உன் அப்பாவும் முழுசாகப் பார்த்தார். டிரம்ஸ், கிட்டார், பாதி முகத்துக்கு வெள்ளைச் சாயம், கையில் வயலின். இங்கே டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு, வயலின் தலையை வலது கணுக்காலில் சாய்த்து வர்ணம் வாசித்த பிள்ளையா இது!

ஒரு நாள் வகுப்பில் எழுந்து நின்று வாசித்ததற்கு வாத்தியாரிடம் திட்டு வாங்கினாயே, அன்றைக்கு நானும் அவர் பக்கம்தான் பேசினேன். தப்புதான். வயலின் நம்மிடம் வரும்போதே நின்றுகொண்டு வாசிக்கிற வாத்தியமாகத்தான் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதர் அதை ஐரோப்பியரிடம் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். நாம் தந்திகளை ச-ப-ச-ப என்று சேர்த்து உட்கார வைத்தோம். நீ மறுபடி எழுப்பி விட்டிருக்கிறாய், அவ்வளவுதான்.

ஆனால் உட்கார்ந்தால் வயலின் பாரத்தைக் கால் வாங்கிக்கொள்ளும், இடது கை தாராளமாக வழுக்கும். நின்றால் தாடைதான் பிடிக்க வேண்டும். அதனாலோ என்னவோ, இரண்டாவது பாட்டில் தோடி ராகத்தின் காந்தாரம், அசைந்து அசைந்து வர வேண்டிய அந்த 'க' ஸ்வரம், உன் கையில் அசையவே இல்லை. குச்சி மாதிரி நிற்கிறது. அதைக் கொஞ்சம் பார்.

மேடையில் போர்வையைப் பிடித்து அதற்குப் பின்னாலிருந்து நீ பாட ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ புதுசாகக் கண்டுபிடித்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே. கரும்புத் தோட்டத்தில் வேலை முடிந்து உன் தாத்தா தெருக்கூத்து ஆடுவார்; இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்பார்களே, அதுதான். இரண்டு பேர் திரையைப் பிடிப்பார்கள். மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கைக் கால், நடுவில் குரல் மட்டும். ராஜா வெளியே வருவதற்குள் நாங்கள் பயத்தில் ஆயாவின் முந்தானைக்குள் போய்விடுவோம்.

உன் பாட்டில் எனக்கு இன்னொரு குறை. வயலின் வாய் திறக்கும்போதெல்லாம் டிரம்ஸ் மேலே விழுந்து அமுக்குகிறது. கூத்தில் வேஷக்காரர் விருத்தம் எடுத்தால் மிருதங்கம் கையை மடக்கிக்கொள்ளும். தாளம் கிடையாது, ஆர்மோனியம் மட்டும் பின்னால் மெல்ல இழுக்கும். அது முடிந்து அடி விழும் பார், உட்கார்ந்திருப்பவன் எழுந்துவிடுவான். பாட்டு நடுவில் உனக்கும் அப்படி ஓர் இடம் வை. டிரம்ஸ் பையனிடம் சொல், கோபித்துக்கொள்ள மாட்டான்.

தாத்தாவின் சிவப்புத் திரை இன்னும் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. வேண்டுமென்றால் அனுப்புகிறேன். பாச்சை உருண்டை வாசனை போக நன்றாக வெயிலில் போடு. இடது மூலையை எலி கடித்திருக்கிறது, அந்தப் பக்கம் லைட் வைக்காதே.

அம்மா