பைபர் கொட்டில்களின் தூசு பற்றி: திருகோணமலை மீனவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். திருக்கடலூரிலிருந்து வடக்கே குச்சவெளி வரைக்கும், குடாவுக்கு அந்தப் பக்கம் கிண்ணியா, மூதூர் என்றும் பைபர் போட் (கண்ணாடி இழையை ரெசின் என்ற பிசினால் இறுக்கிச் செய்யும் படகு) கட்டுகிற, உடைந்ததை ஒட்டுகிற கொட்டில்கள் இருக்கின்றன. இந்த மடல் அங்கே வேலை செய்கிற பொடியன்களின் நெஞ்சைப் பற்றியது. இதை முதலாளிமாருக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். ஓடர் கொடுப்பது நீங்கள். விலை பேசுவதும் நீங்கள்தான். போட்டின் நீளம், கண்ணாடி இழை மட் எத்தனை அடுக்கு, என்ன நிறம் என்று எல்லாம் பேசி முடிக்கிற அந்த இடத்தில் இன்னும் ஒரு வரி சேர வேண்டும். அதைச் சேர்க்கக்கூடியவர்கள் உங்களை விட்டால் இந்தக் கரையில் வேறு யாரும் இல்லை.

நான் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் துணிப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்தவன். இழைகளோடுதான் என் பிழைப்பு. ஊருக்கு வந்து கொட்டில்களைப் பார்த்தால் இரண்டு வகை ஆட்கள் தெரிகிறார்கள். ஒரு வகை துவாயை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, போட்டைத் தேய்க்கும் கிரைண்டர் பிடிக்கிறது. மற்ற வகை கொரோனாக் காலத்து நீலநிற மாஸ்க்கைப் போட்டிருக்கிறது. மாஸ்க் போட்டவருக்குத் தான் பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற நம்பிக்கை இருக்கிறது. எனக்குக் கவலை தருவது அந்த நம்பிக்கைதான்.

முதலில் கண்ணாடி இழைக்கு நியாயம் செய்துவிடுவோம். 1930களில் அமெரிக்காவில் கேம்ஸ் ஸ்லேட்டரும் அவரோடு வேலை செய்தவர்களும் உருகிய கண்ணாடியை இழையாக்கும் வழியைத் தொழிலாக வளர்த்தெடுத்தார்கள். 1940களில் அதோடு பொலியெஸ்டர் ரெசின் சேர்ந்தது, படகு பிறந்தது. நம்முடைய மரப் படகுகளின் இடத்தை அது பிடித்த கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போட்டுக்குப் பயன்படும் இழை பெரும்பாலும் 9 மைக்ரோனுக்கு மேல் பருமன் உள்ளது. ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிர் சுமார் 70 மைக்ரோன். இந்தப் பருமனுள்ள இழை நுரையீரலின் ஆழத்துக்குப் போவது கடினம், மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். அஸ்பெஸ்டஸ் நீளவாக்கில் பிளந்து மெல்லிதாகிக்கொண்டே போகும். கண்ணாடி இழை அப்படியல்ல, குறுக்கே முறியும், பருமன் மாறாது. அதனால் "பைபர் தூசு அஸ்பெஸ்டஸ் மாதிரி" என்று சிலர் பயமுறுத்துவது சரியில்லை. தோலில் சுணைக்கிறதே, அது முள் குத்துகிற மாதிரியான வேலை. குளித்தால் போகும். வேலை உடுப்பை மட்டும் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்க வேண்டாம், சுணை வீடு முழுக்கப் பரவும்.

ஆனால் கிரைண்டர் கிளப்புவது கண்ணாடியை மட்டுமல்ல. இறுகிய ரெசினும், நிரப்புவதற்குச் சேர்த்த பவுடரும் மாவாகிப் பறக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புழுதி தரையில் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய பங்குதான் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும், உள்ளே ஆழமாகவும் போகும். துவாயால் அதைப் பிடிக்க முடியாது. நூல்களுக்கு இடையிலுள்ள சந்து அந்தத் துகளுக்கு வாசல் மாதிரி.

இந்த இடத்தில்தான் என் தொழில் வருகிறது. நல்ல தூசு மாஸ்க்கை வலை என்று நினைப்பதுதான் பெரும்பாலானவர்களின் குழப்பம். வலையில் கண்ணை விடச் சின்ன மீன் தப்பிவிடும், பெரிய மீன் மாட்டும். மாஸ்க்கில் அந்தக் கணக்கு நடப்பதில்லை. அதன் நடு அடுக்கில் நெய்யாத ஒரு பஞ்சுத்தாள் இருக்கிறது. பொலிப்புரொப்பிலீன் பிளாஸ்டிக்கை உருக்கிச் சூடான காற்றால் ஊதி இழுத்த இழைகள், ஒவ்வொன்றும் ஒரு சில மைக்ரோன்தான். அவற்றுக்கு இடையிலுள்ள வெளி, பிடிக்க வேண்டிய துகளை விடப் பல மடங்கு பெரிது. பிறகு எப்படிப் பிடிக்கிறது? பெரிய துகள் காற்றோடு வளைந்து போக முடியாமல் இழையில் மோதி ஒட்டுகிறது. மிகச் சிறிய துகள் காற்று மூலக்கூறுகள் இடிப்பதால் அங்கும் இங்கும் தள்ளாடி எப்படியும் ஓர் இழையைத் தொட்டுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில், 0.3 மைக்ரோன் அளவில் இருப்பதுதான் கெட்டிக்காரத் துகள். மோதுவதற்கு எடை போதாது, தள்ளாடுவதற்குக் கொஞ்சம் கனம். அதனால்தான் என்95 மாஸ்க்கை அந்த அளவுத் துகளை வைத்து, நிமிடத்துக்கு 85 லீற்றர் காற்றை இழுத்துச் சோதிக்கிறார்கள். மிகக் கடினமானதில் 95 சதவீதத்தைப் பிடித்தால் மற்றவற்றில் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

அந்தக் கெட்டிக்காரனைப் பிடிக்க இன்னொரு வித்தையும் உண்டு: இழைக்கு மின்னேற்றம் கொடுத்து வைப்பது. சீப்பால் தலை வாரிவிட்டுக் கடதாசித் துண்டுகளின் கிட்டக் கொண்டுபோனால் ஒட்டுமே, அதே மின். 1930 வாக்கில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்சன் என்பவர் கம்பளி நாரில் ரெசின் தூளைக் கலந்து இப்படி மின்னேறிய வடிகட்டியைச் செய்தார். 1950களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் வென்டே என்பவர் நுண்ணிழை ஊதும் முறையைக் கண்டார். வானத்தின் உயரத்தில் அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கத் துகள்களைப் பிடிக்கத்தான் அந்த இழை தேவைப்பட்டது. 1990களில் டெனசி பல்கலைக்கழகத்தில் பீட்டர் சாய், ஊதிய இழைக்கு மின்னேற்றும் முறையை நன்றாக மேம்படுத்தினார். இன்றைக்கு மாஸ்க்கின் நடு அடுக்கில் இருப்பது இந்த வழியில் வந்த இழைதான்.

கிண்ண வடிவம் எங்கிருந்து வந்தது தெரியுமா? சாரா லிட்டில் டர்ன்புல் என்ற வடிவமைப்பாளர் நெய்யாத துணியைப் பெண்களின் உள்ளாடைக்காகக் கிண்ணமாக வார்க்கும் வேலையில் இருந்தபோது, அதே வடிவம் முகத்துக்கும் பொருந்தும் என்று கண்டார். 1961இல் 3எம் நிறுவனம் அதை மருத்துவமனை மாஸ்க்காக விற்றது. கிருமியை அது நிறுத்தவில்லை. அதனால் தூசு மாஸ்க் என்று மாற்றி விற்றார்கள், 1972இல் தொழிலிடத்துக்கான அங்கீகாரமும் கிடைத்தது. நாம் கொரோனாவில் பார்த்து ஆஸ்பத்திரிப் பொருள் என்று நினைத்த சாமான், பட்டறைக்காரனுக்காக வளர்ந்த சாமான்.

மின்னேற்றம் என்றேனே, அதில்தான் நம் ஊர்ப் பழக்கம் மாட்டுகிறது. விலை கொடுத்து வாங்கிய மாஸ்க்கை எறிய மனம் வராது. சவர்க்காரம் போட்டு அலசிக் காயப் போடுகிறார்கள், சானிட்டைசர் அடிக்கிறார்கள். சவர்க்காரமும் அல்ககோலும் அந்த மின்னைக் கொன்றுவிடும். வெளியே பார்த்தால் மாஸ்க் பளிச்சென்று இருக்கும், உள்ளே பாதி வேலை செத்திருக்கும். அழுக்கேறி மூச்சு இழுக்கக் கஷ்டமானால் மாற்ற வேண்டியதுதான், கழுவ வேண்டாம். நீலநிற மாஸ்க்கைப் பற்றியும் ஒரு வார்த்தை: அதன் நடுவிலும் இப்படி ஓர் அடுக்கு இருக்கலாம், ஆனால் கன்னப் பக்கம் திறந்திருக்கும். காற்று எது இலேசோ அந்த வழியில் போகும். அது போட்டவரின் துப்பல் மற்றவர் மேல் விழாமலிருக்கச் செய்தது.

சரி, என்95 வாங்கிக் கொடுத்துவிட்டோம், முடிந்ததா? இல்லை. ரெசின் பூசும்போது வருகிற மணம் இருக்கிறதே, அது ஸ்டைரீன். பொலியெஸ்டர் ரெசினில் மூன்றில் ஒரு பங்கு, சிலதில் அதற்கும் மேல், ஸ்டைரீன்தான். அது ஆவி. துகள் பிடிக்கிற எந்த இழையிலும் அது நிற்காது, எத்தனை மாஸ்க்கை அடுக்கிப் போட்டாலும் மணம் வரும். தலைச்சுற்று, கண்ணெரிச்சல், மாலையில் ஒரு மந்தம், இதெல்லாம் அதன் வேலை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018இல் அதை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க அதிகம் சாத்தியமுள்ளது" என்ற வகையில் சேர்த்தது. பழகினால் மணம் தெரியாது என்று பொடியன்கள் பெருமையாகச் சொல்வார்கள். மூக்குத்தான் பழகுகிறது, நுரையீரலும் ஈரலும் பழகுவதில்லை.

ஆவியைப் பிடிக்கத் தூண்டிய கரி வேண்டும். ஒரு கிராம் கரிக்குள் நுண்துளைகளின் பரப்பைக் கூட்டினால் சாதாரணமாக 1,000 சதுர மீற்றர் அளவில் வரும். ஆவி அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. இதற்கு மிகச் சிறந்த மூலப்பொருட்களில் ஒன்று சிரட்டை. முதலாம் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிக்கும் சிரட்டைக் கரி போனது. இலங்கை இன்றும் சிரட்டைக் கரியை உலகத்துக்கு ஏற்றுமதி செய்கிறது. நம் தென்னையின் சிரட்டை எந்த நாட்டுப் பட்டறைக்காரனுடைய நெஞ்சையோ காக்கிறது, நம்முடைய பொடியன் துவாயோடு நிற்கிறான். கோபம் வருகிறதா இல்லையா?

ஆகவே வாங்க வேண்டியது ரப்பர் அரைமுக மாஸ்க். இரண்டு கன்னத்திலும் டப்பா கழற்றி மாட்டலாம். கரி டப்பாவும் அதன் முன்னால் துகள் வடிகட்டியும் சேர்ந்திருக்க வேண்டும். ஐரோப்பிய முறையில் கரிம ஆவிக்குரிய டப்பாவில் பழுப்பு நிறப் பட்டை இருக்கும், கடையில் அதைக் கேளுங்கள். ரப்பர் பகுதியைக் கழுவலாம், டப்பாவைக் கழுவக் கூடாது. வேலை முடிந்ததும் டப்பாவை மூடிய பையில் வைக்க வேண்டும். வெளியே தொங்கவிட்டால் சும்மா இருக்கும் நேரத்திலும் கரி காற்றிலிருந்து குடித்துக்கொண்டே இருக்கும். மாஸ்க்குக்குள் மணம் தெரிந்தால் டப்பா முடிந்தது. மூக்கு பழகிப்போனவரை நம்பாமல் நாட்கணக்கில் மாற்றுவது இன்னும் நல்லது.

தாடி விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. ரப்பர் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவில் மயிர் இருந்தால் காற்று அந்த வழியாகக் கசியும். மார்க்க நம்பிக்கையால் தாடி வைத்தவரிடம் எடுக்கச் சொல்வது மரியாதையில்லை, நான் சொல்லவும் மாட்டேன். விசிறி வைத்துச் சுத்தமான காற்றை ஊதும் தலைமூடி வகை இருக்கிறது, விலை கூட. அதனால் அப்படியானவரைக் கிரைண்டர் பிடிக்க விடாமல் வேறு வேலை கொடுப்பது கையில் இருக்கிற வழி.

இவ்வளவும் எழுதிவிட்டு இதையும் சொல்கிறேன்: மாஸ்க் கடைசி வேலி. அதற்கு முன்னால் செய்யக்கூடியவை செலவில்லாதவை. நீர்க் கடதாசி (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டு ஈரத்தில் தேய்த்தால் தூசு கிளம்பாது (மின் கிரைண்டரை ஈரத்தில் பிடிக்க வேண்டாம், உயிர் போகும்). கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் போட்டைக் காற்றின் போக்குக்கு வைத்து, ஆள் காற்று வரும் பக்கம் நிற்கலாம். வாடை தொடங்கினால்தான் வில்லங்கம். கடல் கொந்தளிக்கும், போட்டுகள் கரையேறும், ஒட்டுவேலை குவியும். மழைக்காக நாலு பக்கமும் தறப்பாள் கட்டி, அந்தப் பெட்டிக்குள் ரெசின் பூசுவார்கள். ஆண்டிலேயே மோசமான காற்றை அவர்கள் சுவாசிப்பது அப்போதுதான். காற்று வரும் பக்கத் தறப்பாளைக் கட்டினாலும் எதிர்ப் பக்கத்தைத் திறந்து விடுங்கள்.

ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே தண்ணீரால் கால் மணி நேரம் கழுவி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கொட்டிலில் ஒரு வாளி நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தூசையும் புகையையும் பற்றிப் பேசுகிறது, தொழில் திணைக்களத்தில் பரிசோதனைப் பொறியியலாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் மூன்று பேர் வேலை செய்யும் ஓலைக் கொட்டிலுக்குச் சட்டம் நடந்து வரக் காலமாகும். கொட்டில்காரரும் நம்மவர்தான், அவரும் அதே தூசில் நிற்கிறார். அவரை மாட்டிவிட இதை நான் எழுதவில்லை. போட்டின் விலையில் அவர் மாஸ்க்குக்கு என்று ஒரு தொகை சேர்த்தால், அடுத்த கொட்டில் குறைத்துக் கேட்டு ஓடரைப் பிடித்துவிடும். எல்லாச் சங்கமும் ஒரே நிபந்தனையை வைத்தால் அந்தப் போட்டி இல்லாமல் போகும்.

நான் கேட்பது இதுதான். புதுப் போட்டாக இருந்தாலும் ஒட்டுவேலையாக இருந்தாலும், சங்கத்தின் ஊடாகப் போகிற ஒவ்வோர் ஓடரிலும் "கிரைண்டர் பிடிப்பவருக்கும் ரெசின் பூசுபவருக்கும் கரி டப்பாவும் துகள் வடிகட்டியும் சேர்ந்த அரைமுக மாஸ்க்" என்று ஒரு வரி எழுதுங்கள், அதற்குரிய பணத்தையும் கொடுங்கள். எஞ்சின் விலைக்குப் பக்கத்தில் வைத்தால் அது பெரிய காசில்லை. டப்பாவைச் சங்கங்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் இன்னும் குறையும். ஐப்பசிக்கு முன் வருகிற பொதுக்கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் போடுங்கள். கூப்பிட்டால் வருகிறேன். ஒரு மாஸ்க்கை வெட்டி நடு அடுக்கைக் கையில் தருகிறேன், சவர்க்காரத்தில் அலசிய ஒன்றையும் கொண்டுவருகிறேன், கொட்டில்காரரும் பொடியன்களும் எதிரே இருந்து என்னிடம் கேள்வி கேட்கட்டும்.

இப்படிக்கு,
திருகோணமலைக் கரையில் பிறந்து இழைகளோடு வேலை செய்த ஒருவன்