சிக்னலில் நின்றுவிடும் மாருதி: அக்கா மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணு,

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். பட்டறைக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், கீழே எழுதியிருப்பதையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை அதில் யாரும் கை வைக்க வேண்டாம். பானெட்டைத் திறந்ததும் அவர் ஸ்குரூடிரைவரை எடுத்து அந்தக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்குருவைத் திருகினார் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்தபிறகுதான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். எங்கே கோளாறு என்று தெரியாமல் அந்த ஸ்குருவைத் திருகினால் கோளாறு ஒளிந்துகொள்ளுமே தவிரப் போகாது. கொஞ்ச நாளில் வேறு முகத்தோடு திரும்பி வரும். அப்போது பழைய அளவும் நம் கையில் இருக்காது.

உன் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. காலையில், கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்தால் வண்டி கிளம்புகிறது. நெடுஞ்சாலையில் குறையே இல்லை. சிக்னலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் குலுங்கி நின்றுவிடுகிறது. ஏசி போட்டிருந்தால் நிச்சயம் நிற்கிறது. எந்த நேரத்தில், எந்த நிலையில் நிற்கிறது என்று இவ்வளவு தெளிவாகச் சொல்பவர்கள் குறைவு. பட்டறையில் இதைக் கேட்கவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

காலை எடுத்ததும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள். கார்புரேட்டரில் இருக்கும் த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட முழுவதும் மூடிக்கொள்கிறது. வேகத்தில் ஓடும்போது பெட்ரோல் தரும் துளையான மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோல் வருவது நின்றுவிடுகிறது. அதன்பின் எஞ்சினை உயிரோடு வைத்திருப்பது, ஸ்லோ ஜெட் என்கிற ஊசிமுனைத் துளை வழியாகக் கசியும் கொஞ்சம் பெட்ரோலும், தட்டின் ஓரத்தில் நுழையும் கொஞ்சம் காற்றும்தான். உன்னுடையது 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். ஐடிலில், அதாவது காலை எடுத்தபின் வெறுமனே ஓடும் நிலையில், நிமிடத்துக்கு 900 சுற்று அளவில் ஓட வேண்டும். நான்கு சிலிண்டர் வண்டியில் ஒன்று முரண்டு பிடித்தால் மற்ற மூன்றும் எப்படியோ சமாளிக்கும். இங்கே ஒன்று போனால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு இயல்பாகவே ஓர் ஆட்டம் உண்டு என்பதையும் நினைவில் வை. எஞ்சின் மவுன்டிங் ரப்பர் இறுகியிருந்தால் அந்த இயல்பான ஆட்டம்கூட ஸ்டீயரிங் வரை வந்து பயமுறுத்தும். உன் வண்டி ஆடுவதோடு நில்லாமல் நின்றும் விடுவதால் மவுன்டிங் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

முதலில் நீயே செய்து பார்க்கக்கூடிய ஒன்று. எஞ்சின் நன்றாகச் சூடேறட்டும். ஐடிலில் குலுங்கிக்கொண்டிருக்கும்போது சோக் குமிழைக் கால்வாசி இழு. குலுக்கம் அடங்கி எஞ்சின் சீரானால், ஐடிலுக்குப் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கிருந்தோ கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. குலுக்கம் கூடிக் கரும்புகை வந்தால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை, ஊசி வால்வு, அடைபட்ட ஏர் ஃபில்டர் என்று அந்தப் பக்கம் போக வேண்டும். இரண்டும் இல்லாமல் அப்படியே குலுங்கினால் தீப்பொறிப் பக்கம் பார்க்க வேண்டும். இதைத் திறந்த வெளியில் செய். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டு நிற்காதே. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. துப்பட்டாவையும் பின்னலையும் கட்டிக்கொள். ரேடியேட்டர் மின்விசிறி, சூடு ஏறியதும் சொல்லாமல் சுழலத் தொடங்கும்.

நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் சோக் இழுத்ததும் சீராகும் என்றே நினைக்கிறேன். அப்படியானால் தேட வேண்டிய இடங்கள் இரண்டுதான்.

ஒன்று, ஐடில் பெட்ரோல் வரும் வழி. கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒரு வயரோடு சின்ன உருளை ஒன்று இருக்கும். அதைச் சோலனாய்டு என்பார்கள். சாவியை அணைத்தபிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்காமல் ஐடில் பெட்ரோலை மூடுவது அதன் வேலை. அதற்கு மின்சாரம் வராவிட்டால் அது மூடியே கிடக்கும்; வண்டி வேகத்தில் ஓடும், ஐடிலில் நிற்காது. உன் அறிகுறி அப்படியே இதுதான். எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஒருவர் காதை அருகில் வைத்துக்கொள்ள, இன்னொருவர் சாவியைப் போட்டு அணைக்கட்டும். ‘டிக்’ என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் சோலனாய்டைக் குறை சொல்வதற்கு முன் அந்த வயரின் முனையைப் பார். பச்சை பூத்திருக்கும், அல்லது கழன்று தொங்கும். சத்தம் சரியாகக் கேட்டால் அடுத்து ஸ்லோ ஜெட். அதைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் அடித்துச் சுத்தம் செய்வது சின்ன வேலை. கம்பி விட்டுக் குத்த மட்டும் அனுமதிக்காதே. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அந்த ஜெட் கெட்டது.

இரண்டு, திருட்டுக் காற்று. ஐடிலில், கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் இன்லெட் மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் மிக வலுவாக இருக்கும். எங்காவது ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால், ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலில் இளநீர் குடிப்பதைப் போலத்தான். காற்று வரும், பெட்ரோல் வராது. வேகத்தில் எஞ்சின் குடிக்கும் காற்றே அதிகம் என்பதால் இந்தக் கசிவு தெரிவதில்லை. ஐடிலில் மட்டும் கொல்லும். பார்க்க வேண்டிய ஹோஸ்கள்: பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் வெற்றிட மூடிக்குப் போவது, எஞ்சின் புகையை மேனிஃபோல்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவது, பிரேக் பூஸ்டர் இருந்தால் அதற்குப் போவது, ஏசிக்காக ஐடிலைத் தூக்கும் கருவிக்குப் போவது. இந்தக் கடைசி ஹோஸில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். ஏசி கம்ப்ரசர் சுமை ஏறும்போது த்ராட்டிலைச் சற்றே திறந்து ஐடிலை உயர்த்தும் அந்தக் கருவி வெற்றிடத்தால் வேலை செய்வது. அதன் ஹோஸ் வெடித்திருந்தால் ஏசி போட்டதும் வண்டி நிற்கும். ஏசி இல்லாதபோதும் அந்த ஹோஸ் வழியாகக் காற்று நுழையலாம். நீ எழுதிய இரண்டு புகார்களும் ஒரே ஹோஸில் முடியக்கூடும். அதன் விலையையும் புதுக் கார்புரேட்டரின் விலையையும் நினைத்துப் பார்.

கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு ஹோஸையும் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் மெதுவாக அழுத்தி மூடச் சொல். எதை மூடும்போது ஐடில் சட்டென மாறுகிறதோ அங்கே நில். கார்புரேட்டரின் அடியில், மேனிஃபோல்டுடன் சேரும் இடத்தில் கறுப்பாக ஒரு தடித்த கட்டையும் அதன் மேலும் கீழும் கேஸ்கெட் என்கிற அடைப்புத் தாளும் இருக்கும். அந்த விளிம்பில் சோப்புத் தண்ணீர் தெளித்தால், உறிஞ்சும் இடத்தில் எஞ்சின் ஓட்டம் மாறும். பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் பானெட்டை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிடு. சூடான புகைபோக்கிக்குப் பக்கத்தில் செய்கிற காரியமல்ல அது.

ரப்பர் விஷயத்தில் இன்னொன்று. உன் அப்பா இந்த வண்டியை வாங்கிய 1998இல் நம் பங்க்குகளில் கிடைத்த பெட்ரோல் வேறு. நாடு முழுவதும் 10 சதவீத எத்தனால் கலப்பு 2022இல் எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு அறிமுகமானது. எத்தனால் நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. உன் வண்டிக்கு அது என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். ஒரு கிலோ தூய பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. 20 சதவீத எத்தனால் கலந்ததற்கு ஏறக்குறைய 13.5 கிலோ போதும். புதிய வண்டிகளில் சென்சார் அதை அறிந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். உன் கார்புரேட்டருக்கு அப்படி ஒரு கண் இல்லை. பழைய துளை அளவில் பழைய விகிதத்திலேயே கலந்து கொடுக்கும்; எஞ்சினுக்குக் கலவை மெலிந்து வரும். மெலிந்த கலவையின் முதல் அடையாளம் ஐடிலில் குலுக்கம். இத்துடன் திருட்டுக் காற்றும் சேர்ந்தால் வண்டி நிற்காமல் என்ன செய்யும்? அந்தக் காலத்து ரப்பரும் இந்த எரிபொருளை நினைத்துச் செய்யப்பட்டதல்ல. பெட்ரோல் ஹோஸ்களையும் பம்ப்பின் டயஃப்ரத்தையும் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணமுடையது. வாரத்தில் பெரும்பாலான நாட்கள் நிற்கிற வண்டி உன்னுடையது. மிதவைக் கிண்ணத்திலிருக்கும் பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்து அசையாமல் வைக்கச் சொல். அடியில் தனிப் படலமாகத் தண்ணீர் நின்றால், எந்த ஸ்குருவும் அந்த வண்டியைச் சீராக்காது. டேங்கைத்தான் கழுவ வேண்டும்.

தீப்பொறிப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளக்குகளைக் கழற்றி வரிசை மாறாமல் வைக்கச் சொல். மூன்றும் ஒரே மாதிரி வெளுத்திருந்தால் மேலே சொன்ன மெலிந்த கலவைதான். ஒன்று மட்டும் கறுத்தோ ஈரமாகவோ இருந்தால் அந்தச் சிலிண்டர்தான் குற்றவாளி. பிளக் முனையின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இருட்டில் பானெட்டைத் திறந்து ஓடவிட்டால், கெட்ட பிளக் வயரிலோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலோ நீலப் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும். எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க ஒவ்வொரு வயராகக் கழற்றுவார்கள். கழற்றிய வயரை அந்தரத்தில் விடாமல் வேறொரு பிளக்கில் செருகி எஞ்சின் உடம்போடு சேர்த்து வைக்கச் சொல். எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டராக இருந்தால் அந்தரத்தில் விட்ட வயர் அதன் மாட்யூலையே எரித்துவிடலாம். இந்த வேலையை நீ செய்யாதே. அந்த மின்சாரம் உயிரையே உலுக்கும்.

வண்டி சூடேறி வெகுதூரம் ஓடியபிறகு மட்டும் நிற்பது வேறு நோய். அப்போது இக்னிஷன் காயிலையும் பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளையையும் பார்க்க வேண்டும். மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டு, பிறகு வண்டி கிளம்பினால் மூடிதான் காரணம். உனக்கு இப்போது அது இல்லை.

எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் டேப்பட்டின் இடைவெளி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ‘சத்தமே வரவில்லையே, எதற்கு டேப்பட் பார்க்க வேண்டும்’ என்று பட்டறைகளில் தள்ளிவிடுகிறார்கள். எனக்குச் சத்தம் வராத டேப்பட்டின் மீதுதான் சந்தேகம். இடைவெளி தளர்ந்தால் சத்தம் வரும். இறுகினால் சத்தம் வராது. வால்வு முழுதாக மூடாது, ஐடிலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், ஒழுகும், நாளடைவில் வால்வே கருகும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.15 மில்லிமீட்டர் அளவில் இடைவெளி இருக்க வேண்டும். அதைச் சரிசெய்தபின் கம்ப்ரஷன் பார்க்கச் சொல். மூன்று சிலிண்டர்களுக்கும் இடையே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எனக்குத் தொலைபேசியில் சொல். அப்போது பேச்சே வேறு.

கார்புரேட்டரை மாற்றாதே என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது ஜப்பானின் மிகுனி வடிவமைப்பில் நம் மறைமலைநகரில் வார்த்துச் செய்த வகை. உடம்பு தேயாதவரை ரிப்பேர் கிட் போட்டு எத்தனை முறை வேண்டுமானாலும் உயிர்ப்பிக்கலாம். இன்று கடையில் ‘புதியது’ என்று நீட்டப்படும் நகல்களின் ஜெட் அளவை நான் நம்பமாட்டேன். நன்றாக இருக்கும் அசலைக் கொடுத்துவிட்டு நகலை வாங்கி மாட்டினால், கசிவும் அப்படியே இருக்கும், அசலும் போயிருக்கும்.

இவையெல்லாம் முடிந்தபிறகு அந்த மிக்சர் ஸ்குருவைத் தொடலாம். அதையும் காதை வைத்துச் செய்ய வேண்டாம். மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு புகைப் பரிசோதனை மையத்துக்குப் போ. உன் வண்டிக்கான சோதனை ஐடிலில்தான் நடக்கும். கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள்ளும், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம்.முக்குள்ளும் (பத்து லட்சம் பங்கில் 1500 பங்கு) இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து வண்டிகளுக்கான வரம்பு. ஆனால் எனக்கு வேண்டியது வரம்பல்ல, அந்த இரண்டு எண்கள். மோனாக்சைடு அதிகம் என்றால் பெட்ரோல் அதிகம். மோனாக்சைடு குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் எகிறினால், எரியாத பெட்ரோல் வெளியே வருகிறது. கலவை மெலிந்தோ தீப்பொறி தவறியோ ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு எரிகிறது. குழாயைப் புகைபோக்கியிலேயே வைத்திருக்கச் சொல்லி, திரையைப் பார்த்துக்கொண்டே ஸ்குருவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருகினால் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அதற்கு முன் இப்போதைய நிலையிலேயே ஒருமுறை புகைச் சான்று எடுத்து, அந்தச் சீட்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு. கூடவே மூன்று பிளக்குகளின் படத்தையும் வரிசையாக வைத்து அனுப்பு. சோக் இழுத்தபோது என்ன ஆனது என்றும் எழுது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால், நான் சேலம் வரும்போது வேண்டிய ஹோஸ்களையும் கேஸ்கெட்டையும் கையோடு வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
மாமா