படகைக் கட்டிவைக்க ஒரு முளை அடியுங்கள்

கால்வாய்க்கரைகளை அழகுபடுத்தும் பொறுப்பிலுள்ள ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

எங்கள் கால்வாய்க்கரையில் நடைபாதை போட நீங்கள் கீறும் வரைபடம் பற்றி வத்தளையிலிருந்து எழுதுகிறேன். எந்தக் கந்தோரின் பெயரும் போடாததற்குக் காரணம், கேட்கப் போன இடத்திலெல்லாம் அடுத்த கந்தோரைக் கைகாட்டினார்கள் என்பதுதான். (அலுவலகத்தைச் சொல்லும் கந்தோர் என்ற சொல்லே ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், விட்டுப்போனது.)

எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் ஹமில்டன் கால்வாய். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஒல்லாந்தர் கால்வாய் என்போம். ஒல்லாந்தர் கொழும்பைக் கைவிட்டது 1796இல். இந்தக் கால்வாயை ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் வெட்டி முடித்தார்கள். ஆனாலும் பழைய பெயர்தான் வாயில் நின்றது. கிடுகு வேய்ந்த, அடி தட்டையான பாருப் படகுகள் உப்பும் கொப்பறாவும் ஏற்றிக்கொண்டு இதில் வந்தன. பிறகு கோச்சி (ரயில்) வந்தது, பாரு போயிற்று.

அதோடு படகே போய்விட்டதென்று நினைத்துத்தான் நீங்கள் வரைபடம் கீறுகிறீர்களோ என்று எனக்கு ஐயம். ஹெந்தளையிலிருந்து பமுனுகமப் பக்கம் வரை கரையைப் பாருங்கள். முன்பக்கம் அந்தோனியார் பெயர் எழுதிய ஃபைபர் போட்டுகள் கயிற்றில் ஆடிக்கொண்டு நிற்கும். விடியப்புறம் ஒருவர் என்ஜினைத் தோளில் தூக்கி வருவார். பின்னால் மகன் மண்ணெண்ணெய்க் கேனோடு. ஒன்பது மணிக்கெல்லாம் திரும்பி, தங்கூசி வலையைக் கரையில் விரித்துச் சூடை மீனைக் கழற்றுவார்கள். என் சட்டிக்கு மீன் அங்கிருந்துதான் வருகிறது, ஆகவே இந்த மடலில் சுயநலமும் உண்டு.

2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து பிளாஸ்டிக் மணிகள் உஸ்வெட்டகெய்யாவ மணலில் குவிந்தபோது, கடலுக்குப் போகத் தடை. கட்டிய கயிறு அவிழவில்லை. அடுத்த வருடம் ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபா. அப்போது எங்கள் கரைக்காரர் பேசியதெல்லாம் எத்தனை லீற்றரில் கடலுக்குப் போய் வரலாம் என்பதுதான். படகுகளை வேறிடத்தில் கட்டச் சொன்னால் கூடுதல் தூரத்துக்கும் எண்ணெய் அவர்கள் காசில்தான்.

நடைபாதைக்கு நான் எதிரியில்லை. எனக்கும் சீனி வருத்தம், நடக்கத்தான் வேண்டும். ஆனால் கல் பதித்து, இரும்பு வேலி போட்டு, தண்ணீருக்கு இறங்கப் படியில்லாமல் விட்டால் என்ஜினை எப்படி இறக்குவது? படகுகள் நிற்கும் இடங்களில் வேலியை வெட்டிப் படி வையுங்கள். கட்ட முளை அடியுங்கள். வலை காய ஒரு துண்டு நிலம் விடுங்கள். புதுப் பாலம் போட்டால், என்ஜின் பூட்டிய படகு நுழையும் உயரத்தை அளந்து போடுங்கள். அறிவித்தல் பலகையில் தமிழையும் யாரிடமாவது காட்டிவிட்டு எழுதுங்கள்.

வரைபடத்தோடு ஒருநாள் விடிய நாலரைக்கு வாருங்கள். பின்கதவு திறந்திருக்கும், தேத்தண்ணி என் பொறுப்பு.

இப்படிக்கு,
கால்வாய்க்கரைக் குடியிருப்பாளர் ஒருவர்,
வத்தளை